இரண்டாவது டிஸ்க்

இல்லை அக்கா, இந்தப் பையை மேலே வைக்க முடியாது. கண்டக்டரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் முட்டியில் இடித்தால் சொல்லுங்கள், ஜன்னல் பக்கம் இன்னும் ஒடுங்கிக்கொள்கிறேன். மடியை விட்டு மட்டும் இறக்க மாட்டேன்.

என்ன இருக்கிறதா? தவளைச் சத்தம்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். உள்ளே ஒரு டிஸ்க் இருக்கிறது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் போட்டுவைக்கிற பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் இரண்டு மழைக்காலத்துத் தவளைகள் கத்திக்கொண்டிருக்கின்றன. அதாவது நேற்றுவரை கத்திக்கொண்டிருந்தன. இப்போது உயிரோடு இருக்கின்றனவா என்று மதுரையில் ஒருத்தர் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அழிந்துபோனதை மீட்டுத்தருவது அவர் தொழில். அவரிடம்தான் போகிறேன்.

தவளைகள் இசக்கியம்மாள் அக்காவுடையவை. எங்கள் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் பிஎச்.டி. செய்கிறார். மலையில் முதல் தூறல் விழுந்ததும் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓடைக்கரையில் மைக்கைப் பிடித்தபடி மழையில் ஊறி உட்கார்ந்திருப்பார். அங்கே ஒரு தவளை இருக்கிறதாம். புதுமழைக்கு ஒரு வாரம்தான் கத்தும். அப்புறம் அடுத்த வருஷம்தான் வாயைத் திறக்கும். எங்கள் துறைப் பேராசிரியர்களும் அப்படியே இருந்தால் நாடு உருப்படும். அந்த ஒரு வாரத்துக்காக, போன வருஷம் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. அந்தச் சத்தங்கள் போனால் ஆராய்ச்சி போச்சு. இன்னும் இரண்டு மழைக்குக் காத்திருக்க உதவித்தொகையும் கிடையாது, வீட்டில் பொறுமையும் கிடையாது.

இத்தனையையும் ஒரே தட்டில் அழித்தவர் சேர்மக்கனி அண்ணன்.

சொல்கிறேன். அவர் எங்கள் கணினித் துறையில் ஆராய்ச்சி மாணவர். சர்வர் அறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். கோவில் பூசாரிகூட அவ்வளவு பந்தா பண்ண மாட்டார். நான் எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம், பெயர் பிளெஸ்ஸி. எனக்கு அவர்மேல் சொந்தப் பகை எதுவும் கிடையாது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கொள்கைச் சண்டை மட்டும்தான்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதென்றால் என்ன, ஹாஸ்டல் தெரியும்தானே? எங்கள் ஹாஸ்டலில் லீவு முடிந்து முதலில் வந்து சேர்கிறவளுக்கு முதல் அறை. அடுத்து வருகிறவளுக்கு அடுத்த அறை. வார்டன் பேரே கேட்க மாட்டார். "ஏ ரெண்டாம் ரூமு, மோட்டார அமத்து" என்பார். அடுத்த லீவு முடிந்து வந்தால் ரெண்டாம் ரூமில் வேறொருத்தி இருப்பாள். போன தடவை ரெண்டாம் ரூம்காரி உடைத்த கண்ணாடிக்கு இவள் திட்டு வாங்குவாள். நான் வாங்கியிருக்கிறேன். "மேடம், அந்த ரெண்டாம் ரூமு நான் இல்ல" என்று எழுதிக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். "எதுத்துப் பேசுதா பாரு ரெண்டாம் ரூமு" என்றார்.

கம்ப்யூட்டரும் அந்த வார்டன் மாதிரிதான் அக்கா. சுவிட்சைப் போட்டதும் எந்த டிஸ்க் முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு ஏ என்று பேர். அடுத்து விழித்தால் பி. அப்புறம் சி. நாளைக்கே அணைத்துப் போட்டால் தூக்கக் கலக்கத்தில் சி முந்திக்கொண்டு பி ஆகலாம். இது ஒரு சர்வருக்குள் நடக்கிற கூத்து. பக்கத்து சர்வருக்குப் போனால் பேர் வைக்கிற வம்சமே வேறு. எங்களிடம் நாலு சர்வர் இருக்கின்றன. நாலும் நாலு துறைத் தலைவர்கள் காலத்தில் வாங்கியவை. ஒன்றில் இரண்டாவது டிஸ்க்குக்கு எஸ்டிபி என்று பேர். இன்னொன்றில் விடிபி. புதுசாக வந்த ஒன்றில் என்விஎம்இ என்று தொடங்கி, சீட்டுக் கம்பெனி ரசீது மாதிரி எண்ணும் எழுத்துமாக நீளும்.

ஆனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறக்கும்போதே கம்பெனிக்காரன் போட்ட சொந்த எண் ஒன்று இருக்கிறது. எந்த சர்வரில் செருகினாலும், எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கை வை என்பதுதான் என் கட்சி. இதில் தப்பு இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் துறையில் ஒரு பயிலரங்கம் வருகிறது. வெளிக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அதற்காக நாலு சர்வருக்கும் ஆளுக்கொரு புது டிஸ்க் வாங்கினார்கள். அதை மாட்டி, சுத்தமாகத் துடைத்து, ஒரே பேரில் ஒரு இடமாக்கி வைக்க வேண்டும். துறைத் தலைவர் சேர்மக்கனி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்ன பண்ணுவார்? எல்லாம் மனப்பாடம் அவருக்கு. முதல் சர்வரில் இது, இரண்டாவதில் அது, நாலாவதில் பி என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வசனம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பார்.

நான் சும்மா இருப்பேனா?

"அண்ணே, இந்த ஏ, பி எல்லாம் பேரே இல்ல. வரிசையில நிக்கிற எடம். டிஸ்க்கோட சொந்த நம்பரக் கேளுங்க."

"ஏ பிளெஸ்ஸி, நீ யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறுன காலத்துலருந்து நான் இந்த ஏசிக் குளுர்ல நடுங்கிக்கிட்டு இருக்கேன். ஒரு நாளும் மாறுனதில்ல."

"ஒரு நாளும் ஆஃப் பண்ணுனதில்ல. அதான் மாறல."

"அப்ப நான் பண்ணுனது எல்லாம் தப்பா?"

"எல்லாம் தப்புன்னு சொல்லல. இதுவரைக்கும் மாட்டிக்கிடலன்னு சொல்லுதேன்."

இதில் என்ன மரியாதைக் குறைவு? "அண்ணே" என்றுதான் தொடங்கினேன். அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. துறைத் தலைவரிடம் பஞ்சாயத்து போனது. அவர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார், சர்வர்களை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கிடுங்க" என்றார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, "இந்த யுபிஎஸ் ஏன் தெக்க பாத்து இருக்கு? அதத் திருப்பி வைங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணினித் துறைக்குத் தலைவர் அக்கா, கணினித் துறைக்கு.

உட்கார்ந்து பேசித் தீர்ப்பதாவது? அறிவியலில் பேசித் தீர்க்கிற வேலையே கிடையாது. நிரூபிக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் அண்ணன் பில்லில் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போயிருந்தார். அதிசயமாகச் சாவி மேஜைமேல் இருந்தது. நான் போய் நாலாவது சர்வரைப் பார்த்தேன். ஏ சர்வருடைய சொந்த டிஸ்க், பி புதுசாக மாட்டிய காலி டிஸ்க், சி இசக்கியம்மாள் அக்காவின் தவளைகள். சர்வரை அணைத்துப் போட்டேன். கூட ஜூனியர் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள், சாட்சி வேண்டுமென்று நான்தான் கூப்பிட்டேன். எழுந்து வந்தது பாருங்கள்! பி போய் சி ஆகிவிட்டது, சி வந்து பி ஆகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு கட்சி இவ்வளவு சுத்தமாக ஜெயித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திரையைப் படம் எடுத்தேன். துறை வாட்சப் குழுவில் போட்டேன். கீழே "நிரூபிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு சொல். கைதட்டல் பொம்மைகூடப் போடவில்லை, நாகரிகமாக நிறுத்திக்கொண்டேன். கேன்டீனுக்குப் போய் முட்டை பஃப்ஸ் வாங்கித் தின்றேன்.

அண்ணன் திரும்பி வந்திருக்கிறார். நாலாவது சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனப்பாடத்தில் இருந்த பியைத் துடைத்துவிட்டார்.

தவளை போச்சு.

என்ன கேட்டீர்கள்? மாறிவிட்டது என்று அவரிடம் நேரில் சொன்னேனா என்றா? ஏன் அக்கா நேரில் சொல்ல வேண்டும்? குழுவில் போட்டிருக்கிறேனே, படத்தோடு! நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். துறைத் தலைவரே கும்பிடு போட்டிருந்தார், என்னவென்று தெரியாமலே. அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? குழுவை மியூட்டில் போட்டிருக்கிறார். ஏன் மியூட்? "நீ போடுற மெசேஜ்னாலதான்" என்கிறார். அது அவர் தப்புதானே?

அணைக்காமல் இருந்திருந்தால் பி மாறியிருக்காது, இல்லையா என்கிறீர்களா? எல்லாரும் இதையேதான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், நீங்களுமா? மாறும் என்பதைக் காட்டத்தானே அணைத்தேன். காய்ச்சல் இருக்கிறது என்று காட்டினால் தெர்மாமீட்டரையா ஜெயிலில் போடுவார்கள்?

சரி, விடுங்கள். இசக்கியம்மாள் அக்கா மத்தியானம் வந்தார். ஏதோ ஒரு சத்தத்தை எடுத்துக் கேட்க வேண்டுமாம். திறந்தால் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டுப் புது ஃபிரிட்ஜ் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அண்ணன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். தயாராக நின்றேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் மெதுவாக, "எந்த வருசத்து மழ போச்சு?" என்று கேட்டார்.

அண்ணன், "ரெண்டும் இசக்கி" என்றார்.

அவ்வளவுதான். அக்கா அப்படியே ஏசிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லேப்டாப்பிலும் இல்லை அக்கா. இடம் போதவில்லை என்று போன மாசம்தான் அழித்தார். அழிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். "தாராளமா அழிங்கக்கா, சர்வர்ல இருந்தா இயேசப்பா கையில இருக்கிற மாதிரி" என்றேன். சொன்னது சரிதானே? சர்வர் பத்திரம்தான். சர்வரைத் தொடுகிற ஆள்தான் பத்திரமில்லை.

அப்புறம் நான்தான் மதுரை ஆளைத் தேடிப் பிடித்தேன். அவர் போனில் சொன்னார்: "மேலாகத் துடைத்ததுதான் என்றால் அடியில் இருக்கும். அதன்மேல் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். கரண்டே கொடுக்காதீர்கள். கழற்றி எடுத்து வாருங்கள்." யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. அண்ணன் கையை உயர்த்தினார். விடுவேனா? "நீங்க பண்ணுனது போதும்ணே" என்று சொல்லி நானே இன்றைக்குக் காலையில் கழற்றினேன்.

கழற்றுகிறபோதும் சண்டைதான். ஒரு பக்கம் நான் கழற்றுகிறேன், ஒரு பக்கம் அவர், "நீ ஆஃப் பண்ணாம இருந்தா..." என்று ஆரம்பிக்கிறார், நான் விட மாட்டேன் என்கிறேன். சர்வர் முகப்பில் எந்த டிஸ்க் எங்கே என்று சின்னச் சின்னச் சீட்டு ஒட்டியிருப்போம். இந்த ஆயுத பூஜைக்கு அண்ணன் அதன்மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துவிட்டார். ஒரு எழுத்து தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, எனக்கு எண்ணத் தெரியாதா? பி தானே, இரண்டாவது. மேலிருந்து இரண்டாவதை உருவினேன், குமிழிக் கவரில் சுற்றினேன், பஸ் ஏறிவிட்டேன். கிளம்பும்போது அண்ணனிடம் நல்லமுறையில்தான் சொன்னேன்: "மிச்சம் இருக்கிறது காலி டிஸ்க் ஒண்ணுதான். சாப்பிட்டுட்டு வந்து அதத் துடைச்சுப் பயிலரங்கத்துக்கு ரெடி பண்ணுங்க. இதுலயும் தப்புப் பண்ணணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்."

இருங்கள், காட்டுகிறேன். நான் சொல்வதைக் கண்ணால் பார்த்தால்தான் உங்களுக்கு விளங்கும். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். இதோ பாருங்கள், எவ்வளவு அடக்கமாக இருக்கிறது. இந்தச் சீட்டில் பொடிப்பொடியாக இருக்கிறதே, இதுதான் சொந்த எண். இதைத்தான் கேட்கச் சொன்னேன். தவளை டிஸ்க்கின் எண்ணை, சர்வரை அணைப்பதற்கு முன்னால் திரையில் வரவழைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இதோ, என் போனில். இதுதான் முறை. நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் கடைசியாக என்ன இருக்கிறது? ஒன்பது, கே, இரண்டு, டி. டிஸ்க்கில் பாருங்கள். நாலு, கே...

இல்லை, வெளிச்சம் சரியில்லை. இந்தப் பக்கம் திருப்புங்கள்.

நாலு, கே, ஏழு, எம்.

ஒரு நிமிஷம் அக்கா.

ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள்.

பி என்றால் இரண்டாவதாகக் கண் விழித்தது. மேலிருந்து இரண்டாவதாக... அண்ணன் புது டிஸ்க்கை நடுவில்தான் செருகியிருப்பார். எவனாவது நடுவில் செருகுவானா? கீழே செருக வேண்டியதுதானே! அப்படியானால் தவளை கீழே... அப்படியானால் அங்கே மிச்சம் இருக்கிற ஒன்று...

சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாரா? கடவுளே, இந்த மனுஷன் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிடுவார். எடுங்கண்ணே, எடுங்க. எடுக்க மாட்டார் அக்கா, என் பேரைப் பார்த்தால் எடுக்க மாட்டார். உங்கள் போனைக் கொடுக்கிறீர்களா... இருங்கள், எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள், நாளைக்கு ஒரு சாட்சி வேண்டும்.

"என்ன பிளெஸ்ஸி, அடுத்து என்னத்த நிரூபிக்கணும்?"

"அண்ணே, கைய எடுங்க. கீபோர்டுல இருந்து கைய எடுங்க. துடைச்சிட்டீங்களா?"

"கமாண்டு அடிச்சி வச்சிருக்கேன். எண்டர் தட்டப் போறேன். நீதான சொன்ன, ஒண்ணுதான் மிச்சம்னு. இப்ப இதுக்குப் பேரு பி. பாத்தியா, கடைசில என் மனப்பாடந்தான் ஜெயிச்சிச்சு."

"தட்டாதீங்க! சர்வர மொதல்ல அமத்துங்க. அமத்தியாச்சா? டிஸ்க்க வெளிய இழுங்க. சீட்டுல இருக்கிற நம்பரப் படிங்க."

"எதுக்கு?"

"படிங்கண்ணே!"

"இரு, சந்தனம் உள்ளவரைக்கும் வழிஞ்சிருக்கு, சொரண்டுதேன்... கடைசியிலயா? ஒம்பது. கே. ரெண்டு. டி."

அப்பாடா. அக்கா, தண்ணி இருக்கிறதா? ஒரு மடக்குக் கொடுங்கள். அதுதான் தவளை. உயிரோடு இருக்கிறது. ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"பிளெஸ்ஸி, அப்ப உன் மடியில இருக்கிறது என்னது?"

"அத நேர்ல வந்து பேசுவோம்."

"காலி டிஸ்க்கா? காலி டிஸ்க்கயா பச்சப்புள்ள மாதிரி தூக்கிட்டுப் போற?"

"புதுச நடுவுல சொருகுனது யாருண்ணே? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க."

கேட்டீர்களா, சிரிக்கிறார். ஒரு ஆராய்ச்சி மாணவர் சிரிக்கிற சிரிப்பா இது? யாரோ போனைப் பிடுங்குகிறார்கள்... இல்லை, அவரேதான் பேசுகிறார்.

"ஏ பிளெஸ்ஸி, இசக்கி இங்கதான் நிக்கா. நம்பர அவ கையில எழுதிக்கிட்டா. டிஸ்க்க அவளே கொண்டுபோறாளாம். என்னயத் தொடவே கூடாதுன்னுட்டா."

"சரியான முடிவு. நான் கோவில்பட்டியில எறங்கி நிக்கேன்னு சொல்லுங்க. அக்கா அடுத்த பஸ்ல வரட்டும். வாங்கிக்கிட்டு நானே..."

"வேண்டாமாம்."

"என்ன வேண்டாமாம்?"

"நீ எறங்க வேண்டாமாம், நிக்க வேண்டாமாம். மதுரைக்காரர் அட்ரஸ மட்டும் அனுப்பிட்டு, போன அமத்தி வச்சிரச் சொல்லுதா."

வைத்துவிட்டார்.

இல்லை அக்கா, நான் ஒன்றும் அழவில்லை, காற்று அடிக்கிறது. முகவரியை அனுப்பிவிட்டேன், பாருங்கள், நீல டிக் வந்துவிட்டது. பார்த்துவிட்டார். ஒரு "சரி" கூடப் போடவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். சேர்மக்கனி அண்ணனை அவர் நம்பவில்லை, அது நியாயம். நான்கூட நம்ப மாட்டேன்.

என்னை ஏன் அக்கா நம்பவில்லை?